மறைத்த பெட்டியும் மறைக்காத ஏடும்
பெர்சிவல் வில்லபியின் வாழ்வும் தொழிலும்

பேறுகாலத்தைப் பெண்ணுக்கு மறுபிறப்பு என்று சொல்வது தமிழர் வழக்கு. அச்சொல்லுக்குள் இருக்கும் அச்சம் எல்லா நாட்டுக்கும் பொதுவானது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குடிசையில் வாழ்ந்தவளும் மாளிகையில் வாழ்ந்தவளும் இந்த அச்சத்தில் சமமானவர்களே. பேற்றறைக்குள் புகுந்தவள் மீண்டு வருவாள் என்று உறுதி கூற எவராலும் இயலவில்லை. அந்த உறுதியைச் சிறிதளவேனும் தரவல்ல அறிவு அன்று இருவகைக் கைகளில் இருந்தது. ஒரு கை அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியது. மற்றொரு கை தான் கண்டதையெல்லாம் ஏட்டில் எழுதியது. பூட்டிய கை சேம்பர்லின் குடும்பத்தாருடையது. எழுதிய கை டார்பி நகரத்து மருத்துவர் பெர்சிவல் வில்லபியுடையது. முன்னவரின் பெயரை மகப்பேறு மருத்துவ நூல்கள் எல்லாம் சொல்கின்றன. பின்னவரின் பெயரை அறிந்தவர் சிலரே. ஆயினும் அந்நூற்றாண்டின் பேற்றறைக்குள் நடந்தது என்ன என்று இன்று ஓரளவேனும் தெரிகிறதென்றால், அதற்குப் பெருங்காரணம் வில்லபியின் ஏடுதான்.

குடியும் கல்வியும்

வில்லபி 1596ஆம் ஆண்டு பிறந்தார். நாட்டிங்காம் நகரை அடுத்த வொல்லட்டன் மாளிகை அவருடைய குடும்பத்தாரின் இருப்பிடம். 1588இல் கட்டி முடிக்கப்பட்ட அம்மாளிகை எலிசபெத் அரசியார் காலக் கட்டடக் கலையின் சிறந்த சான்றுகளுள் ஒன்றாக இன்றும் நிற்கிறது. தந்தையின் பெயரும் பெர்சிவல் என்பதே; அவர் 'சர்' பட்டம் பெற்றவர். குடும்பத்தின் இளைய மகனாகப் பிறந்தவருக்கு மாளிகையிலும் நிலத்திலும் உரிமை கிடைப்பதில்லை. மூத்தவனுக்கே எல்லாம் சேரும் என்பது அந்நாட்டுச் சட்டம். இளையவர்கள் திருச்சபையையோ, சட்டத்தையோ, படையையோ, வணிகத்தையோ நாடிச் செல்வர். வில்லபி மருத்துவத்தை நாடினார்.

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு மாடலின் கல்லூரியிலும் அவர் கல்வி பயின்றார். பின்னர் 1619இல் வான் ஒட்டன் என்ற மருத்துவரிடம் ஏழாண்டு ஒப்பந்தத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். உயர்குடியில் பிறந்தவர், பல்கலைக்கழகம் கண்டவர், ஒரு தொழிலாளியின் மகனைப் போல ஆசானுக்குக் கட்டுப்பட்டுப் பயிற்சி பெற்றார் என்பது கருதத்தக்கது. நூலறிவு மட்டும் பெற்ற மருத்துவர்கள் நோயாளியைக் கையால் தொடுவதையே தாழ்வாக எண்ணிய காலம் அது. கையால் தொட்டு அறியும் பழக்கமே பிற்காலத்தில் வில்லபியின் எழுத்துக்கு உயிராயிற்று.

ஒப்பந்தம் முடியும் முன்பே, 1624இல், ஆசான் மறைந்தார். 1631இல் வில்லபி டார்பி நகரில் குடியேறினார். டிரஸ்லி ஊரைச் சேர்ந்த சர் பிரான்சிஸ் கோக் என்பாரின் மகள் எலிசபெத்தை மணந்தார். 1641இல் லண்டன் மருத்துவக் கல்லூரி, தலைநகருக்கு வெளியே தொழில் செய்வோருக்கு வழங்கும் உரிமத்தை அவருக்கு அளித்தது. 1655இல் ஸ்டாஃபோர்டுக்கும், மறு ஆண்டில் லண்டனுக்கும் பெயர்ந்தார். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கிடைக்க வேண்டும் என்பதே லண்டன் சென்றதன் நோக்கம். 1660இல் டார்பிக்கே திரும்பினார். எஞ்சிய இருபத்தைந்து ஆண்டுகளும் அந்நகரிலேயே கழிந்தன.

பேற்றறையின் வாயில்

வில்லபியின் காலத்தில் பேற்றறை முழுவதும் பெண்களின் உலகம். இடுப்பு வலி கண்டதும் கணவன் மருத்துவச்சியை அழைத்து வருவான். அண்டை வீட்டுப் பெண்களும் உறவுப் பெண்களும் கூடுவர். சாளரங்கள் மூடப்படும், திரைகள் இழுக்கப்படும். கணவனும் வெளியேதான் நிற்க வேண்டும். மருத்துவச்சிக்கு உரிமம் வழங்குபவர் ஆயர். ஏழையென்றும் செல்வரென்றும் பாராமல் உதவுவேன், சூனியம் முதலியவற்றைக் கையாள மாட்டேன் என்று அவள் உறுதிமொழி கூற வேண்டும். அவள் ஒழுக்கமுடையவள் என்பதற்கு அயலார் சாட்சி சொல்வர். அவளுடைய தொழிலறிவை முறையாகக் கற்பிப்பதற்கோ பள்ளி ஒன்றும் இல்லை. மூத்தவளின் அருகிலிருந்து இளையவள் பார்த்துக் கற்றதே கல்வி.

இந்த அறைக்குள் ஆடவர் அழைக்கப்பட்டது பெரும்பாலும் நம்பிக்கை அற்றுப்போன நேரத்தில்தான். இரண்டு நாள், மூன்று நாள் கடந்திருக்கும், குழந்தை இறந்திருக்கும், தாயும் இறக்கும் நிலையில் இருப்பாள். அப்போது மருத்துவர் கொண்டு வருவது இரும்புக் கொக்கி. இறந்த குழந்தையை அதனால் இழுத்துத் தாயையாவது காப்பதே அவருடைய வேலை. ஆகவே மருத்துவர் படியேறுகிறார் என்றாலே வீட்டில் ஓர் உயிர் போய்விட்டது என்று பொருள். அவரை அழைக்கப் பெண்கள் அஞ்சியதில் வியப்பில்லை. அஞ்சியதால் காலம் தாழ்த்தினர். காலம் தாழ்த்தியதால் அவர் வரும்போது கொக்கிக்கே வேலை இருந்தது. அச்சமே அச்சத்தை வளர்த்த நச்சு வட்டம் இது. வில்லபியின் வாழ்நாள் முயற்சி முழுவதும் இந்த வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுப்பதற்கே என்று கூறலாம்.

கண்டதும் எழுதியதும்

தாம் கண்ட பேறுகளை வில்லபி ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். ஊர், ஆண்டு, பெண்ணின் நிலை, மருத்துவச்சி செய்தது, தாம் செய்தது, முடிவு ஆகிய யாவும் அவருடைய குறிப்புகளில் இடம்பெறுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் அவ்வாறு சேர்ந்தன. இவற்றைத் தொகுத்து மகப்பேற்று அனுபவக் குறிப்புகள் என்று ஒரு நூலும், நாட்டுப்புற மருத்துவச்சிக்கு உரிய கைந்நூல் என்று ஒரு சிறுநூலும் எழுதினார். இலத்தீனிலும் எழுதினார், ஆங்கிலத்திலும் எழுதினார். இலத்தீன் கற்றவருக்கு, ஆங்கிலம், அந்தக் கைந்நூலைப் படிக்க வேண்டிய ஊர்ப்புறப் பெண்ணுக்கு.

அவருக்கு முன் ஆங்கிலத்தில் மகப்பேற்று நூல்கள் இல்லாமலில்லை. ஜெர்மானியரான ரோஸ்லின் 1513இல் வெளியிட்ட நூல் 1540இல் ஆங்கிலமாகி, மீண்டும் மீண்டும் அச்சேறியது. அந்நூல் வரிசையில் வரும் படங்களில் கருப்பை ஒரு குடுவையைப் போலவும், அதனுள் குழந்தை கழைக்கூத்தாடியைப் போலத் தாவியும் கவிழ்ந்தும் நிற்பது போலவும் காணப்படும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம்; ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விதி. வில்லபி இந்நூல்களைப் படித்தவர். ஒருவர் சென்ற தடத்திலேயே மற்றவரும் செல்கின்றனர் என்றும், அப்படங்கள் மருத்துவச்சியருக்குத் தெளிவைத் தராமல் குழப்பத்தையே தந்தன என்றும் அவர் கருதினார். இருட்டில், விரல் நுனியால் மட்டும் அறிய வேண்டிய ஒன்றைப் படம் பார்த்துக் கற்றவள் எவ்வாறு அறிவாள்?

அவர் மதித்த எழுத்து வேறு. குருதி உடலில் சுற்றி ஓடுவதைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி அவருடைய நண்பர். 1642ஆம் ஆண்டு அரசர் சார்லஸ் நாட்டிங்காமில் கொடியேற்றி உள்நாட்டுப் போரைத் தொடங்கினார். அரச மருத்துவராக உடன் வந்திருந்த ஹார்வி, அங்கிருந்து டார்பிக்கு வந்து வில்லபியைக் கண்டார். நாடு இரண்டுபட்டு வாளேந்திய வேளையில் அவ்விருவரும் கருப்பை நோய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். 1651இல் ஹார்வி வெளியிட்ட உயிர்த்தோற்றம் பற்றிய இலத்தீன் நூலில் பேற்றைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. இயற்கை தன் வேலையைத் தானே செய்யும், பொறுமையற்ற மருத்துவச்சியரின் கையே அதைக் கெடுக்கிறது என்பது அப்பகுதியின் சாரம். வில்லபியின் குறிப்புகள் இக்கருத்துக்கு நாட்டுப்புறத்திலிருந்து திரட்டிய சான்றுகள் போல அமைந்துள்ளன.

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது தமிழ்ப் பழமொழி. வில்லபி மருத்துவச்சியருக்குச் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. வலி முறையாக வருமுன் பெண்ணை முக்கச் சொல்லாதே. வழியை விரலால் விரிக்காதே. பனிக்குடத்தை அவசரப்பட்டு உடைக்காதே. அவளை வெம்மையாக, அமைதியாக வைத்துக் காத்திரு. பேற்று நாற்காலியில் நெடுநேரம் உட்கார வைப்பதை அவர் வெறுத்தார். முழந்தாளிட்டோ, தாழ்ந்த படுக்கையில் கிடந்தோ பெறுவதே நலம் என்று கருதினார். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பேறுகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளும், மணிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பேற்றை விரைவுபடுத்த வேண்டாம், பெறும் நிலையைப் பெண்ணே தேர்ந்துகொள்ளட்டும் என்று கூறுகின்றன. அங்கு வந்து சேரும் முன், மருத்துவம் எத்தனையோ அவசரங்களைக் கடக்க வேண்டியிருந்தது.

அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று மறக்க முடியாதது. அறிவு பேதலித்து அலைந்த ஏழைப் பெண் ஒருத்தி, குளிர்காற்று வீசும் திறந்தவெளியில், உடுக்கப் போதிய துணியுமின்றி, துணைக்கு ஒருவருமின்றிக் குழந்தை பெற்றாள். அவளுக்குத் தீங்கொன்றும் நேரவில்லை. செல்வர் வீட்டுத் திரைகளுக்குப் பின்னே ஐந்தாறு பெண்கள் சூழ்ந்து படுத்திய பாட்டில் மடிந்தவர்களைப் பற்றி எழுதிய அதே எழுதுகோலால் இதையும் வில்லபி எழுதினார். துணை வேண்டாம் என்பது அவர் கருத்தன்று. அறியாத கை அருகிருப்பதைவிடக் கையே இல்லாதிருப்பது சில வேளை நலம் என்பதே அவர் உணர்த்த விரும்பியது.

இயற்கை தவறிய இடத்தில் என்ன செய்வது என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தால், அல்லது கை முன்னே வந்துவிட்டால், உள்ளே கைவிட்டுக் குழந்தையைத் திருப்பிக் காலைப் பற்றி எடுக்கலாம். பழங்காலத்தவர் அறிந்திருந்த இம்முறையைப் பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே புதுப்பித்தார். அவருடைய நூல்களின் தொகுப்பு 1634இல் ஆங்கிலத்தில் வந்தது. வில்லபி இம்முறையைக் கற்றுத் தேர்ந்தார். மருத்துவச்சியரும் கற்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இம்முறைக்கு இரும்பு வேண்டாம். பயின்ற கை போதும். உரிய நேரத்தில் செய்தால் குழந்தை உயிரோடு வெளிவரும். கொக்கிக்கு முன்பே செய்யத்தக்க ஒன்று இருக்கிறது என்று காட்டியதே நச்சு வட்டத்தில் விழுந்த முதல் வெட்டு.

தந்தையும் மகளும்

மருத்துவச்சியருக்குக் கற்பிக்க வேண்டும் என்று எழுதியவர் தம் வீட்டிலேயே அதைச் செய்து காட்டினார். அவருடைய மகள் தந்தையிடம் பயின்று மருத்துவச்சியானாள். உயர்குடியில் பிறந்த பெண் இத்தொழிலை ஏற்றது அக்காலத்தில் எளிதான செயலன்று. லண்டனில் அவர்கள் வாழ்ந்த காலத்தில் அவள் பெரிய வீடுகளுக்கும் அழைக்கப்பட்டாள்.

1658இல் மிடில்செக்ஸ் பகுதியில் நடந்த நிகழ்ச்சி ஒன்று வில்லபியின் ஏட்டில் உள்ளது. கிராம்வெல் ஆட்சியில் செல்வாக்குப் பெற்ற ஒரு சீமானின் மனைவிக்குப் பேறுகாலம். உடனிருந்தவள் வில்லபியின் மகள். குழந்தை தலை முன்னாக வராமல் பிட்டம் முன்னாக வரும் என்று அவள் காலையிலிருந்தே ஐயுற்றாள், தந்தையிடமும் சொன்னாள். மாலை ஏழு மணியளவில் வலி முற்றியது. மகள் வேண்டிக்கொண்டபடி வில்லபி, அப்பெண்மணிக்குத் தெரியாமல், கைகளையும் முழந்தாள்களையும் தரையில் ஊன்றித் தவழ்ந்து அறைக்குள் சென்றார். சோதித்துவிட்டு அவ்வாறே வெளியேறினார். பெண்மணி அறியவில்லை.

வெளியே வந்தவர், வருவது தலைதான் என்றார். இல்லை என்றாள் மகள். பிட்டமே என்று உறுதியாகச் சொன்னாள். பிட்டமாயின் என்ன செய்வது என்பதும் தனக்குத் தெரியும் என்றாள். ஆனால் வீட்டுத் தலைவரின் அதிகாரமும், அவர் வாயிலிருந்து வந்த கடுஞ்சொற்களும் அவளைக் கலங்கச் செய்தன. தந்தை மீண்டும் ஒருமுறை பார்த்தாலன்றி அவள் மனம் அமைதியடையவில்லை. வில்லபி இரண்டாம் முறை தவழ்ந்து சென்றார். மகள் சொன்னதே உண்மை என்று கண்டார். ஒரு காலைக் கீழே கொண்டுவரச் சொன்னார். அவள் விரைவில் அதைச் செய்தாள். மேலும் என்ன நேருமோ என்ற அச்சத்தால் எஞ்சியதைத் தந்தையே முடிக்குமாறு வேண்டினாள். குழந்தை உயிருடன் பிறந்தது. தாயும் நலம்.

இந்நிகழ்ச்சியை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் தவழ்ந்து சென்ற மருத்துவரின் காட்சியோடு நின்றுவிடுவர். நாணத்தின் பொருட்டு ஒரு கற்றறிந்த முதியவர் நாய்போல் தவழ வேண்டியிருந்தது என்று நகைப்பதும் உண்டு. ஆனால் அக்காட்சியின் பொருள் வேறிடத்தில் உள்ளது. அறுபதைக் கடந்தவர், மருத்துவக் கல்லூரியின் உரிமம் பெற்றவர், ஹார்வியின் நண்பர், தாம் சொன்னது பிழை, தம் மகள் சொன்னதே சரி என்று தம் கையாலேயே எழுதினார். வெளியேறும் அவசரத்தில் ஏமாந்துபோனதாகக் காரணமும் குறித்தார். பிழையை விட்டுவிட்டு எழுதியிருந்தால் கேட்பார் எவருமில்லை. அறையில் நடந்ததை அறிந்தவர்கள் தந்தையும் மகளும் மட்டுமே. அவசரமே பேற்றின் பகை என்று பிறருக்கு ஓயாது உரைத்தவர், அந்தப் பகை தம்மையும் ஒருமுறை வென்றதை மறைக்கவில்லை.

அந்த மகள் பெயரில் நூல் எதுவும் இல்லை. ஜேன் ஷார்ப் என்ற மருத்துவச்சி 1671இல் ஒரு நூல் வெளியிட்டு, ஆங்கிலத்தில் மகப்பேற்று நூல் எழுதிய முதல் ஆங்கிலப் பெண்மணி என்ற புகழைப் பெற்றார். வில்லபியின் மகளோ 'என் மகள்' என்ற சொல்லாகவே அந்த ஏட்டில் நடமாடுகிறாள். அவள் அறிவுக்குச் சான்று அவள் தந்தையின் நேர்மை ஒன்றே.

பூட்டிய பெட்டி

வில்லபி தவழ்ந்து சென்ற அதே ஆண்டுகளில், அதே லண்டனில், பேற்றறைக்குள் மற்றொரு குடும்பம் வேறுவிதமாக நுழைந்துகொண்டிருந்தது. பிரான்சில் புராட்டஸ்டண்டு சமயத்தார் துன்புறுத்தப்பட்டபோது 1569இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர் வில்லியம் சேம்பர்லின். அவருடைய புதல்வர் இருவருக்கும் பீட்டர் என்றே பெயர். மூத்த பீட்டர் அரசியருக்கே பேறு பார்த்தவர், 1631இல் மறைந்தார். இக்குடும்பத்தார் கையில் ஓர் இரகசியம் இருந்தது. குழந்தையின் தலையை இருபுறமும் தழுவிப் பிடித்து உயிருடன் வெளிக்கொணரும் குறடு அது. பொன் முலாம் பூசிய பெரிய பெட்டியில் வைத்து அதை இருவர் தூக்கி வருவர் என்றும், பெண்ணின் கண்ணைக் கட்டிவிட்டே பெட்டியைத் திறப்பர் என்றும் சொல்வர்.

மூத்தவரின் தம்பி மகனும் மருத்துவருமான மற்றொரு பீட்டர், 1634இல் லண்டன் மருத்துவச்சியரையெல்லாம் தம் தலைமையின் கீழ் ஒரு சங்கமாக்க முயன்றார். மருத்துவச்சியர் எதிர்த்து மனுச் செய்தனர். அவர் கருவியும் வன்மையும் கொண்டு ஆபத்தில் மட்டும் வேலை செய்பவர், தங்கள் தொழிலோ அதற்கு மாறானது என்று வாதிட்டனர். முயற்சி தோற்றது. அவருடைய மகன் ஹியூ, 1670இல் பாரிஸ் சென்று இரகசியத்தைப் பெருந்தொகைக்கு விற்க முனைந்தார். இடுப்பெலும்பு மிகக் குறுகிய ஒரு பெண்ணிடம் அதைச் சோதித்துக் காட்டும்படி மொரிசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் கேட்டார். ஹியூ சில மணி நேரம் முயன்றும் முடியவில்லை; அப்பெண் இறந்தாள். 1672இல் மொரிசோவின் நூலை ஹியூ ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, தம் குடும்பத்திடம் வேறொரு வழி உண்டு, அதை வெளியிட இயலாது என்று முன்னுரையில் எழுதினார். மற்றவர் உழைப்பை மொழிபெயர்த்த நூலிலேயே தம் அறிவை மறைத்ததற்கு விளக்கம் சொன்ன முன்னுரை அது.

வில்லபியின் ஏட்டில் குறட்டைப் பற்றிய அறிவின் சுவடு இல்லை. குழந்தையின் தலை இடுப்புக்குள் இறுகச் சிக்கி, பனிக்குட நீர் வற்றி, திருப்பி எடுக்கவும் வழியற்றுப்போகும் பேறுகள் உண்டு. அங்கே வில்லபியின் கை தோற்றது. இறுதியில் அவரும் கொக்கியையே எடுக்க வேண்டியதாயிற்று. அக்கொக்கிக்கு மாற்று அதே நகரில், சில தெருக்களுக்கு அப்பால், ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. இயற்கைக்குக் காத்திருக்கும் பொறுமையும், இயற்கை தோற்ற இடத்தில் உதவும் கருவியும் ஒரே கையில் சேர்ந்திருந்தால் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடிய தாய்மாரும் குழந்தைகளும் எத்தனை பேர் என்று எவரும் கணக்கிட முடியாது.

ஏட்டின் குறை

வில்லபியின் எழுத்தை அப்படியே ஏற்பதும் முறையன்று. மருத்துவச்சியரைப் பற்றி அவர் கூறுவன பெரும்பாலும் கடுமையானவை. அறியாமை, அவசரம், பிடிவாதம் என்பவை அவர் அவர்கள்மீது சுமத்தும் குற்றங்கள். ஆனால் அவர் அழைக்கப்பட்டது கெட்டுப்போன பேறுகளுக்கே. ஊரில் நூறு குழந்தைகள் மருத்துவச்சியர் கையில் நலமாகப் பிறந்த நாள்களில் அவர் வீட்டுக் கதவை எவரும் தட்டவில்லை. அழையாத வீட்டின் கதை அவருடைய ஏட்டில் ஏறாது. 1995இல் வெளிவந்த ஏட்ரியன் வில்சனின் ஆய்வு நூல், வில்லபியின் குறிப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஆடவர் எந்நிலையில் பேற்றறைக்கு அழைக்கப்பட்டனர் என்பதைக் காட்டியது. அந்நிலையை மனத்திற்கொண்டு படிக்கும்போதுதான் அவருடைய கடுஞ்சொற்களுக்கு உரிய எடை தெரியும்.

எனினும் அக்கடுமையிலிருந்து அவர் எடுத்த முடிவு பிற்காலத்தார் எடுத்த முடிவிலிருந்து வேறுபட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் குறடு வெளிப்பட்டபின், அதை ஏந்திய ஆடவர்கள் மருத்துவச்சியின் இடத்தையே பிடிக்கத் தொடங்கினர். மருத்துவச்சிக்குத் தெரியாது, ஆகவே அவள் விலகட்டும் என்பது அவர்கள் கொண்ட முடிவு. மருத்துவச்சிக்குத் தெரியாது, ஆகவே அவளுக்குக் கற்பிப்போம் என்பது வில்லபி கண்ட முடிவு. அதற்காகவே அவர் கைந்நூல் எழுதினார். அதற்காகவே மகளைப் பயிற்றினார். மகள் தந்தையைத் திருத்திய அந்த மிடில்செக்ஸ் இரவு, அம்முடிவு வெறும் விருப்பமன்று, கைகூடக்கூடியதே என்பதற்குச் சான்றாயிற்று.

அச்சேறாத ஆண்டுகள்

டார்பிக்குத் திரும்பிய பின்னும் வில்லபி தம் குறிப்புகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். கையெழுத்துப் படிகள் பல உருவாயின. நூல் மட்டும் அச்சேறவில்லை. 1685 அக்டோபர் 2ஆம் நாள், எண்பத்தொன்பதாம் அகவையில் அவர் மறைந்தார். டார்பி புனித பேதுரு தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய அண்ணன் மகன் பிரான்சிஸ் வில்லபி பறவைகளையும் மீன்களையும் ஆராய்ந்த இயற்கை அறிஞர். 1672இல், முப்பத்தாறு வயதிலேயே, அவர் இறந்துபோனார். அவருடைய குறிப்புகளை நண்பர் ஜான் ரே எடுத்து, ஒழுங்குபடுத்தி, 1676இல் பறவையியல் நூலாக வெளியிட்டார். இளவயதில் மறைந்த அண்ணன் மகனின் பெயர் அதனால் அறிவியல் உலகில் நிலைத்தது. தொண்ணூறை நெருங்கும் வரை வாழ்ந்த சிற்றப்பருக்கு அப்படி ஒரு ஜான் ரே வாய்க்கவில்லை. எழுதியவனின் ஆற்றல் பாதி. எடுத்துப் பதிப்பிக்கும் நண்பனின் உழைப்பு மறுபாதி. ஒரே குடும்பத்தில், ஒரே தலைமுறைக் காலத்தில், இவ்வுண்மையின் இருபுறமும் தென்படுகின்றன.

இதற்குப்பின் நடந்தது வரலாற்றின் முரண். சேம்பர்லின் குடும்பம் நூறாண்டுக்கு மேல் காத்த இரகசியம், 1730களில் எட்மண்ட் சாப்மன் முதலியோரின் நூல்கள் வழியே பொதுவுடைமை ஆயிற்று. 1813இல் எசெக்ஸ் மாநிலத்து உட்டாம் மார்ட்டிமர் என்ற ஊரில், அக்குடும்பத்துக்கு ஒருகாலத்தில் உரியதாயிருந்த வீட்டின் தளப்பலகைக்குக் கீழே, அப்பழைய குறடுகளும் கிடைத்தன. மறைத்து வைத்த அறிவு இவ்வாறு எல்லோருக்கும் உரியதான பின்பும், எதையும் மறைக்காமல் எழுதிய ஏடு கையெழுத்துப் படியாகவே கிடந்தது. இறுதியில் வாரிக் நகரத்து ஹென்றி பிளென்கின்சாப் என்பவர் கையெழுத்துப் படி ஒன்றைக் கொண்டு 1863இல் அதைப் பதிப்பித்தார். வில்லபி மறைந்து அப்போது 178 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1972இல் மறுபதிப்பும் வந்தது.

அந்நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அந்த நாட்டுப்புற மருத்துவச்சி அதைக் கண்ணால் கண்டதே இல்லை. 1863இல் அது அச்சாகி வந்தபோது அவளுடைய உலகமே மறைந்துகொண்டிருந்தது. மருத்துவர்கள் அதைத் தங்கள் துறையின் தொல்பொருளாகப் போற்றினர். உரிய காலத்தில் ஒரு நூறு படிகள் அச்சாகி டார்பிஷயர் ஊர்களில் உலவியிருந்தால், அவசரப்பட்ட சில கைகள் தயங்கியிருக்கும். சில கொக்கிகள் பையிலேயே தங்கியிருக்கும். அறிவை மறைப்பவன் செய்யும் கேடு கண்ணுக்குத் தெரிகிறது. மறைக்காமல் எழுதப்பட்ட ஒன்றை அச்சேற்றாமல் விட்டுவிடும் சமுதாயம் செய்யும் கேடு எவர் கண்ணுக்கும் படுவதில்லை. ஏனெனில் அதற்குக் குற்றவாளி என்று ஒருவர் பெயர் இல்லை.

எனினும் அந்த ஏட்டைத் தூக்கியெறியாமல் காத்தவர்களும், அதிலிருந்து படியெடுத்தவர்களும் இருந்தனர். அவர்களுள் பலருக்கும் வரலாற்றில் பெயரில்லை. அவர்களால்தான் குளிர்வெளியில் தனித்துப் பெற்ற பெண்ணும், 'தலையன்று, பிட்டமே' என்று தந்தையை மறுத்துச் சொன்ன மகளும் இன்றைய வாசகரை வந்தடைந்துள்ளனர்.